குடுவைச் செடி வீட்டுக்கு வந்த வரலாறு

பூச்சிகள் செடிகளைத் தின்பது நாம் நாள்தோறும் காணும் காட்சி. செடி பூச்சியைத் தின்கிறது என்றால் முதன்முதலாகக் கேட்பவர் நகைக்கவே செய்வர். ஆயினும் நமது நாட்டின் வடகிழக்கு மூலையில், மேகாலயத்தின் மலைச் சரிவுகளில், அத்தகைய செடியொன்று கொடியாகப் படர்ந்து வாழ்கிறது. அதன் இலை நுனியிலிருந்து பற்றுக்கம்பி ஒன்று நீண்டு, அதன் முனையில் மூடியோடு கூடிய சிறு குடுவை தொங்குகிறது. குடுவைக்குள் நீர் இருக்கிறது. எறும்பும் ஈயும் அந்நீரில் விழுந்து மடிகின்றன. அவற்றின் சத்தைச் செடி உறிஞ்சிக்கொள்கிறது. காரோ மக்கள் இதனை 'மெமாங் கோக்சி' என்பர். பேயின் கூடை என்பது அதன் பொருள். காசி மக்கள் வழங்கும் பெயருக்கு அரக்கன் பூ என்று பொருள். தமிழில் நாம் குடுவைச் செடி என்கிறோம். தாவர நூலார் இட்ட பெயர் நெப்பந்தஸ் காசியானா.

இன்று பெங்களூரிலும் மும்பையிலும் டில்லியிலும் இக்குடும்பத்தைச் சேர்ந்த செடிகள் நாற்றுப் பண்ணைகளில் தொங்கு தொட்டிகளில் விற்பனைக்கு வருகின்றன. அவற்றின் விந்தைத் தோற்றத்தில் மயங்கி நேயர்களில் சிலர் வாங்கியும் இருக்கலாம். வாங்கிய சில மாதங்களில் குடுவைகள் கருகி, இலைகள் மஞ்சளித்து, செடி மாண்டுபோவது பல வீடுகளில் நிகழ்வதுதான். 'இது நம் கைக்கு வராத செடி' என்று கைவிட்டவர்களும் உண்டு. ஆனால் செடியின் மென்மையைக் காட்டிலும் நாம் செய்யும் உபசாரமே பெரும்பாலும் அதன் சாவுக்குக் காரணமாகிறது. இந்த உண்மையை உணர ஐரோப்பியத் தோட்டக்காரர்களுக்கு நெடுங்காலம் பிடித்தது. அவர்கள் பெற்ற படிப்பினையை அறிந்துகொண்டால், செடியைத் தொட்டி மாற்றவும் பேணவும் நமக்கு வழி புலப்படும். அதனோடு, இச்செடியின் தாயகமான மலைகளுக்கு நாம் செய்யவேண்டிய கடமையும் விளங்கும்.

குடுவைச் செடியைப் பற்றி ஐரோப்பியர் அச்சில் ஏற்றிய முதற்குறிப்பு 1658-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மடகாஸ்கர் தீவில் பிரெஞ்சு ஆளுநராயிருந்த எத்தியேன் தெ ஃபிளாக்கூர், அங்கே மூடியிட்ட சிறு ஜாடி போன்ற உறுப்பு தொங்கும் செடியொன்றைக் கண்டு தமது நூலில் எழுதினார். வழிப்போக்கர் அதனைப் பறித்தால் அன்று மழை பெய்யாமல் இராது என்று தீவு மக்கள் நம்பினார்களாம். தாமும் தம்மோடிருந்த பிரெஞ்சுக்காரர்களும் பறித்துப் பார்த்ததாகவும், மழை பெய்யவில்லை என்றும் அவர் எழுதிவைத்திருக்கிறார்.

அதன்பின் செடியின் புகழ் பரவியது நமது அண்டை நாடாகிய இலங்கையிலிருந்து. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியராக 1670-களில் இலங்கையில் பணிபுரிந்த பால் ஹெர்மன் என்பவர், அத்தீவின் செடிகொடிகளைச் சேகரித்து உலர்த்திப் பாதுகாத்தார். சிங்களத்தில் 'பந்துரா' என வழங்கும் குடுவைச் செடி ஐரோப்பியத் தாவர நூல்களில் இடம்பெற்றது அக்காலத்திலேதான். பின்னர் சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ், 1737-ல் வெளியிட்ட நூலில் இச்செடிக்கு 'நெப்பந்தஸ்' என்று பெயரிட்டார். கிரேக்க மகாகவி ஹோமரின் காவியத்தில், துயருற்றோரின் சோகத்தை மறக்கச் செய்ய ஹெலன் மதுவில் கலந்து கொடுக்கும் மருந்தின் பெயர் அது. இத்தகைய அற்புதத்தைக் காணும் தாவர அறிஞன் தான் பட்ட வழிநடைத் துன்பங்களையெல்லாம் மறந்துவிடுவான் என்பது லின்னேயஸின் கருத்து. இலங்கைச் செடிக்கு அவர் 1753-ல் 'டிஸ்டில்லடோரியா' என்று அடைமொழி சேர்த்தார்; நீரை வடித்தெடுப்பது என்று அதற்குப் பொருள். குடுவையிலுள்ள நீர் எதற்கு என்பது அன்று யாருக்கும் தெளிவாகவில்லை என்பதை இப்பெயரே காட்டிவிடுகிறது.

கிழக்கிந்தியத் தீவுகளில் அம்போன் என்னுமிடத்தில் வாழ்ந்த ரம்ஃபியஸ் என்ற அறிஞர் 1702-ல் காலமானார். குடுவைக்குள் ஊர்ந்து செல்லும் சிற்றுயிர்கள் நீரில் வீழ்ந்து மடிவதை அவர் கவனித்து எழுதியிருந்தார். ஆனால் அவற்றைச் செடி உண்கிறது என்ற முடிவுக்கு அவரும் வரவில்லை. அம்முடிவு தக்க சோதனைகளால் நிலைபெற்றது 1874-ல். அவ்வாண்டு பெல்ஃபாஸ்ட் நகரில் கூடிய பிரிட்டிஷ் விஞ்ஞான சங்கத்தில் ஜோசப் டால்ட்டன் ஹூக்கர் பேசினார். இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் வளர்ந்த செடிகளின் குடுவைகளில் முட்டையின் வெண்கருவையும் இறைச்சித் துண்டுகளையும் இட்டு, அவை கரைந்து செரிப்பதைத் தாம் கண்டதாக எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டில் அவருடைய நண்பர் சார்ல்ஸ் டார்வின் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

இக்கண்டுபிடிப்பில் வளர்ப்போருக்குரிய அடிப்படைப் பாடம் அடங்கியிருக்கிறது. பெரும்பாலான குடுவைச் செடிகள் சத்தற்ற மண்ணில் வாழ்பவை. இடைவிடாத மழை அவ்விடங்களில் உப்புச் சத்துக்களை அரித்துக்கொண்டு போய்விடுகிறது. மண்ணிலே கிடைக்காத நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பூச்சிகளிடமிருந்து பெறுவதற்காகவே இலையின் ஒரு பகுதி குடுவையாக மாறியிருக்கிறது. வேருக்கு எருவும் உரமும் இட்டு வளர்த்தால் நுண்ணிய வேர்கள் உப்பினால் கருகும்; தழை ஒருவேளை செழித்தாலும் குடுவை தோன்றாது. மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் நாம் செய்யும் அன்பான காரியம் இச்செடிக்கு நஞ்சாகிவிடுகிறது.

இனி, செடி கடல் கடந்த கதைக்கு வருவோம். உயிருள்ள குடுவைச் செடியை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து சேர்த்த பெருமை சர் ஜோசப் பாங்க்ஸுக்கு உரியது; ஆண்டு 1789. ஆயினும் பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் வரும் செடிகள் உப்புக்காற்றாலும் நீர்ப்பற்றாக்குறையாலும் வழியிலேயே மாண்டன. இந்தத் தடையை நீக்கியவர் லண்டன் வைத்தியர் நத்தானியேல் வார்ட். அவர் 1829-ல் ஒரு விட்டிற்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடிவைத்தார். நாட்கள் சென்றபின் பார்த்தால், புட்டிக்குள் ஒரு பெரணியும் புல்லும் முளைத்திருந்தன. மண்ணிலிருந்து எழுந்த ஆவி கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணையே நனைத்ததால், நீர் ஊற்றாமலேயே அவை பல்லாண்டு உயிர்வாழ்ந்தன. இக்கொள்கையின்படி வார்ட் செய்வித்த கண்ணாடிப் பெட்டிகள் 1833-ல் சிட்னிக்குச் சென்று, மறுபயணத்தில் ஆஸ்திரேலியச் செடிகளை உயிரோடு கொண்டுவந்தன. சீனத்துத் தேயிலைச் செடிகளை ராபர்ட் ஃபார்ச்சூன் நமது இமயமலைச் சாரலுக்குக் கொணர்ந்ததும் இத்தகைய பெட்டிகளிலேதான். இன்று வீட்டு மேசைமீது அழகுக்கு வைக்கும் கண்ணாடித் தோட்டத்தின் மூதாதை இதுவே.

பெட்டி கிடைத்தபின் செடி வேட்டை தொடங்கியது. லண்டன் செல்சி பகுதியில் வீச் குடும்பத்தார் நடத்திய நாற்றுப் பண்ணை இதில் முன்னணியில் நின்றது. அவர்கள் 1843-ல் தாமஸ் லாப் என்பவரைக் கிழக்கு நாடுகளுக்கு அனுப்பினர். அவர் அனுப்பிய செடிகளில் குடுவைச் செடிகளும் இருந்தன. செல்வர் இல்லங்களில் நிலக்கரிக் கொதிகலன்களால் வெப்பமூட்டிய கண்ணாடி வீடுகள் எழுந்தன. பண்ணையின் தோட்டக்காரர் ஜான் டாமினி இருவகைக் குடுவைச் செடிகளை இணைத்து உண்டாக்கிய கலப்பினம் 1862-ல் வெளிவந்தது. இச்செடிகளில் ஆண் வேறு, பெண் வேறு. இருவகைகளில் ஒன்றின் ஆணும் மற்றதன் பெண்ணும் ஒரே பருவத்தில் பூத்தால்தான் கலப்பு இயலும். அவர் காட்டிய வழியில் அந்நூற்றாண்டின் இறுதிக்குள் எத்தனையோ கலப்பினங்கள் தோன்றின.

இந்த ஆர்வத்தின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மேரியன் நார்த் என்ற ஆங்கில ஓவிய மாது 1876-ல் போர்னியோ தீவின் சரவாக் நாட்டுக்குச் சென்றபோது, சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பெருங்குடுவைகளைக் கண்டு வண்ண ஓவியம் தீட்டினார். அந்த ஓவியத்தைப் பார்த்த வீச் பண்ணையார், செடியையே தேடிக் கொணருமாறு சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்பவரை அனுப்பினர். செடி அகப்பட்டது. ஹூக்கர் 1881-ல் அவ்வம்மையாரின் பெயரையே அதற்குச் சூட்டினார். ஓர் ஓவியம் பெற்றுத்தந்த புகழ் செடிக்குக் கேடாயும் முடிந்தது. சேகரிப்போர் அக்குன்றுகளை நாடிச் சென்று பிடுங்கியதால், எளிதில் ஏறக்கூடிய பாறைகளில் அச்செடி அருகிவிட்டது.

குடுவைச் செடிகளுள் பேருருவம் கொண்டது நெப்பந்தஸ் ராஜா. போர்னியோவின் கினபாலு மலையில் ஹியூ லோ என்பவர் 1858-ல் கண்ட இச்செடிக்கு, சரவாக்கின் ராஜாவாக விளங்கிய ஜேம்ஸ் புரூக்கின் நினைவாக அப்பெயரை ஹூக்கர் இட்டார். அதன் குடுவை இரண்டு லிட்டருக்கு மேலும் நீர் கொள்ளக்கூடியது. வீச் பண்ணையின் சார்பில் ஃபிரெடரிக் பர்பிட்ஜ் 1877, 1878 ஆண்டுகளில் கினபாலுவில் ஏறி, அதன் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். நாற்றுக்கள் முளைத்தன, கண்காட்சியில் பாராட்டும் பெற்றன. ஆனால் நெடுநாள் தழைக்கவில்லை. காரணம் என்ன? வெப்ப நாட்டுச் செடி என்றால் வெப்பம்தான் வேண்டும் என்று தோட்டக்காரர்கள் எண்ணினர். இரவும் பகலும் அனல் தகிக்கும் அறையிலே வைத்தனர். ராஜாவோ கடல் மட்டத்திற்கு மேல் 1,500 மீட்டருக்கும் உயரமான சரிவுகளில் வாழ்வது. அங்கே பகலில் இளவெயில், இரவிலே குளிர், எந்நேரமும் மூடுபனி. பூமத்திய ரேகைக்கு அருகில் பிறந்த செடி குளிர்ந்த இரவைக் கேட்கும் என்பது அவர்கள் எண்ணாத ஒன்று. நாட்டின் பெயரைக் கேட்டார்களே தவிர, மலையின் உயரத்தைக் கேட்கவில்லை.

1914-ல் மூண்ட முதல் உலக யுத்தத்தோடு நிலக்கரியும் வேலையாட்களும் கிடைப்பது அரிதாயிற்று. கண்ணாடி வீடுகள் குளிர்ந்தன. பழைய தொகுப்புக்கள் அழிந்தன. பின்னர் இவ்வார்வத்துக்குப் புத்துயிர் அளித்தவர்களில் ஜப்பானியர் குறிப்பிடத் தக்கவர்கள். ஷிகேயோ குராத்தா என்ற அறிஞர் மலைகளில் நேரிற் சென்று ஆராய்ந்து, கினபாலு மலையின் குடுவைச் செடிகளைப் பற்றி 1976-ல் நூல் வெளியிட்டார். எந்தச் செடி எந்த உயரத்தில், எந்த மண்ணில், எவ்வளவு குளிரில் வாழ்கிறது என்ற விவரங்கள் தெரியத் தெரிய, வளர்ப்போர் செடிகளைத் தாழ்நில வகை, மலைநில வகை என இரண்டாகப் பிரித்துப் பேணக் கற்றனர். அன்றுமுதல் அவற்றின் சாவு குறைந்தது. இன்று மடகாஸ்கர் முதல் நியூ கலிடோனியா வரை 150-க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. இந்தியாவுக்கு ஒன்று, இலங்கைக்கு ஒன்று. எஞ்சியவற்றில் மிகப் பல போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு உரியவை.

நமது நாட்டுச் செடியின் வரலாறும் ஹூக்கரோடு பிணைந்ததே. அவர் 1850-ல் நண்பர் தாமஸ் தாம்சனோடு காசி மலைகளில் சுற்றித் தாவரங்களைச் சேகரித்தார். நெப்பந்தஸ் காசியானா என்ற பெயரை 1873-ல் வெளியிட்டவரும் அவரே. காரோ, காசி, ஜயந்தியா மலைகளில் ஏறத்தாழ 500 முதல் 1,500 மீட்டர் உயரம் வரை இது வளர்கிறது. கரி, சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும், சாலைகளும், காட்டை எரித்துப் பயிரிடும் வழக்கமும் இதன் இடத்தைச் சுருக்கிவிட்டன. அழகுக்காகவும் மருந்துக்காகவும் பிடுங்கி விற்றதும் குறைவன்று. தெற்குக் காரோ மலையில் பாக்மாரா என்னுமிடத்தில் சுமார் இரண்டு ஹெக்டேர் பரப்பில் 1984-ல் இச்செடிக்கென்றே ஒரு சரணாலயம் ஏற்படுத்தினர். 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தாவரங்களுக்கும் இடமளித்தபோது, காப்பதற்குரியவை என்று குறித்த மிகச் சில செடிகளுள் இதுவும் ஒன்று. காட்டிலிருந்து அனுமதியின்றிப் பறிப்பதும், உரிமமின்றி விற்பதும் குற்றமாகும். அருகிவரும் உயிரினங்களின் வாணிபத்தைப் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையும் இதனைக் கடுமையான கட்டுப்பாடுள்ள முதற்பட்டியலில் வைத்திருக்கிறது.

விஞ்ஞானிகளும் வாளாவிருக்கவில்லை. திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவர ஆராய்ச்சி நிலையத்தார், சிறு தண்டுத் துணுக்கிலிருந்து கண்ணாடிக் குழாயில் பல செடிகளைப் பெருக்கும் முறையை 1994-ல் வெளியிட்டனர். அதே நிலையத்தார் 2013-ல் வேறொரு புதுமையையும் அறிவித்தனர்: புற ஊதாக் கதிரில் இக்குடுவையின் விளிம்பு நீல ஒளி வீசுகிறது, பூச்சிகளைக் கவர்வதற்கு அவ்வொளியும் துணையாகலாம். அந்த விளிம்பு ஈரமானவுடன் எறும்பின் கால் நிலைகொள்ளாமல் வழுக்கிவிடும் என்பதை 2004-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி மெய்ப்பித்திருந்தது. மணமும் தேனும் அழைக்க, நீர்ப்படலம் சறுக்கிவிட, குடுவை தன் வேலையை முடிக்கிறது.

இவ்வளவும் அறிந்தபின் வளர்ப்பு முறை எளிதாகிவிடும். முதலாவது, எதை வாங்குவது என்பது. காட்டில் பிடுங்கிய செடி மலிவாகக் கிடைத்தாலும் தொடக்கூடாது. அதன் வேர் அறுந்திருக்கும். வீட்டில் பிழைப்பது அரிது. சட்டமும் அதனை ஒப்பாது. பண்ணையில் விதையாலோ தண்டாலோ திசு வளர்ப்பாலோ பெருக்கிய கலப்பினங்களே வீட்டுக்கு ஏற்றவை. பிலிப்பைன்ஸ் இனங்கள் இரண்டின் சேர்க்கையான 'வெண்ட்ராட்டா' என்பது வெப்பமும் குளிரும் ஓரளவு தாங்கும். புதியவர்கள் அதிலே தொடங்கலாம்.

இரண்டாவது, தொட்டியும் அதிலிடும் கலவையும். விக்டோரியா மகாராணி காலத்துத் தோட்டக்காரர்கள் நார்ச்சத்துள்ள சதுப்பு மண், ஸ்பாக்னம் என்ற சதுப்புநிலப் பாசி, மணல், கரித்துண்டு ஆகியவற்றைக் கலந்து, நீர் தங்காத மரக்கூடைகளில் நட்டனர். இந்த ஒரு காரியத்தில் அவர்கள் கண்ட முறை இன்றும் பழுதற்றது. ஈரம் காக்கவேண்டும், நீர் தேங்கக்கூடாது, காற்று வேருக்குச் செல்லவேண்டும், சத்து இருக்கக்கூடாது என்பவை அதன் இலக்கணம். நாம் இரண்டு பங்கு ஸ்பாக்னம் பாசியும் ஒரு பங்கு பெர்லைட் என்னும் பொரிந்த வெண்கல்லும் சேர்க்கலாம். பாசி போதாவிட்டால் தேங்காய் மட்டைத் துண்டுகளைச் சேர்க்கலாம். ஆனால் அவற்றில் உப்பு இருப்பதால் பலமுறை நீர் மாற்றி ஊறவைத்துக் கழுவவேண்டும். தோட்ட மண், சாணம், மண்புழு உரம், செங்கற்பொடி ஆகியவை கூடா. மண் தொட்டியில் உப்புப் படியும்; அடியில் பல துளைகளுள்ள பிளாஸ்டிக் தொட்டியே நல்லது.

இரண்டாண்டுக்கு ஒருமுறை, அல்லது பாசி கறுத்துப் புளித்த வாசனை வந்தவுடன், தொட்டி மாற்றவேண்டும். வட இந்தியாவில் குளிர் நீங்கிய மார்ச் மாதம் அதற்கு ஏற்றது. அதைத் தவறவிட்டால் மழை தொடங்கும் ஜூலைவரை பொறுத்திருப்பது நல்லது. கத்திரி வெயிலிலும் கடுங்குளிரிலும் கைவைக்கலாகாது. முதல்நாள் நன்றாக நீர் வார்த்து, மறுநாள் தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, வேர்ப்பந்து உடையாமல் செடியை வெளியே எடுக்கவேண்டும். இதன் வேர்கள் மெல்லியவை, கறுத்தவை. கறுப்பைக் கண்டு அழுகல் என எண்ணி வெட்டிவிடக்கூடாது. அழுகிய வேர் தொட்டால் கூழாகும். நல்ல வேர் கம்பிபோல் நிற்கும். பழைய பாசியைப் பிய்த்து எடுக்காமல், நீரில் அலசி உதிர்வதை மட்டும் உதிர்க்கவேண்டும். புதிய தொட்டி பழையதைவிட ஓரிரு அங்குலமே அகலமாயிருந்தால் போதும். முன்பிருந்த ஆழத்திலேயே செடியை நிறுத்தி, நனைத்த கலவையைச் சுற்றிலும் இடவேண்டும். அழுத்தித் திணித்தல் ஆகாது. பின்னர் இரண்டு வாரம் நிழலில், ஈரக்காற்றுள்ள இடத்தில் வைக்கவேண்டும். இடமாற்றத்தால் பழைய குடுவைகள் சில காய்ந்துபோகும்; அதனால் கலங்க வேண்டியதில்லை. காய்ந்த பகுதியை மட்டும் நறுக்கிவிட்டுப் பசுமையான இலையை விட்டுவைத்தால், இரண்டு மூன்று மாதங்களில் புதிய இலைகளில் புதிய குடுவைகள் தோன்றும்.

மூன்றாவது, நீர். மலை மழையில் குளித்த செடிக்கு ஆழ்குழாய்க் கிணற்று உப்பு நீர் ஒவ்வாது. மழைநீரைப் பிடித்துவைத்து ஊற்றுவதே சிறப்பு. வீட்டில் சவ்வூடு முறையில் குடிநீர் சுத்திகரிக்கும் கருவி இருந்தால், அதிலிருந்து வரும் குடிநீரைப் பயன்படுத்தலாம். கருவி கழித்துத் தள்ளும் நீரில் உப்பு மிகுந்திருக்கும், அதனை ஊற்றவே கூடாது. கலவை எப்போதும் ஈரமாயிருக்கவேண்டும். தொட்டி தட்டு நீரில் நின்றுகொண்டே இருக்கலாகாது.

நான்காவது, ஒளியும் காற்றும். காலை வெயில் படும் கிழக்குச் சாளரம் சிறந்த இடம். பெங்களூர் நேயர்களுக்குச் சீதோஷ்ணமே துணைநிற்கும். மும்பை, கொல்கத்தா போன்ற கடற்சார்ந்த நகரங்களில் தாழ்நில வகைகள் மகிழ்ந்து வளரும். டில்லி, நாகபுரி, அகமதாபாத் நேயர்களுக்குக் கோடையின் வறண்ட அனற்காற்றே பகை. அவர்கள் வார்ட் கண்ட கண்ணாடிப் பெட்டி முறையைக் கையாளலாம். ஆனால் பெட்டியை நேர்வெயிலில் வைத்தால் செடி வெந்துபோகும் என்பதையும், நாள்தோறும் சிறிது நேரம் மூடியைத் திறந்துவைக்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. டில்லியின் பனிக்காலத்தில் கறிவேப்பிலைச் செடியை மாடத்திலிருந்து உள்ளே எடுத்துவைத்துக் காக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. அதே கவனம் இதற்கும் போதும். ஊரைவிட்டு வந்த செடியிடம் அதன் ஊர் எப்படிப்பட்டது என்று கேட்டுப் பேணும் பழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று.

ஐந்தாவது, உணவு. குழந்தைகள் ஆசையோடு இறைச்சித் துண்டையும் சோற்றுப் பருக்கையையும் குடுவைக்குள் இடுவர். ஹூக்கர் இட்டது சோதனைக்காக. நாம் இட்டால் குடுவை அழுகும். மாடத்தில் வைத்த செடி தனக்கு வேண்டிய எறும்பைத் தானே பிடித்துக்கொள்ளும். குடுவையின் நீரைக் கொட்டிவிடுவதும் தவறு; அதுவே செரிப்பு நீர். ஏற்றி இறக்கும்போது தப்பித்தவறிக் கொட்டிவிட்டால், சிறிதளவு மழைநீரை வார்த்து வைத்தால் போதும்.

செடி நீண்டு கொடியாகப் படரத் தொடங்கினால் குடுவைகள் சிறுத்துவிடும். அப்போது நுனியை நறுக்கி, இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளை ஈரப் பாசியில் நட்டு நிழலில் வைக்கவேண்டும். சில வாரங்களில் வேர் விடும். அடிமரமும் புதிய கிளைகளை வீசும். இவ்வாறு பெற்ற கன்றுகளை அண்டை வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் கொடுக்கலாம். இச்செடியை விரும்பும் ஒவ்வொருவருக்கும் தொட்டியிலிருந்தே ஒரு கன்று கிடைக்குமானால், மலையில் ஏறிப் பிடுங்குபவனிடம் வாங்க ஆள் இராது.

வீச் பண்ணையார் ஓர் ஓவியத்தைப் பார்த்துச் செடியைத் தேடி ஆளனுப்பிய காலம் போய்விட்டது. பாக்மாராவில் அந்த இரண்டு ஹெக்டேர் நிலத்தை நேயர்கள் ஒருநாள் நேரிற் சென்று காணலாம். கையை எதிலும் வைக்காமல் திரும்பலாம். வீட்டுத் தொட்டியில் வளரும் கலப்பினத்துக்கு மழைநீர் வார்க்கும்போது, அதன் உறவினம் அம்மலையில் மழைக்காகக் காத்திருப்பதை நினைத்துக்கொள்வது நன்று.